கரடிக்கு மூட்டுவலி

கருவேல நாட்டு மன்னன் பூவேந்தனுக்குத் தன் பட்டத்து யானை மந்தாகினி மேல் உயிர். அந்த மந்தாகினி ஒருநாள் நொண்ட ஆரம்பித்தது. மன்னன் அன்று சோற்றைத் தொடவில்லை; பலகாரத்தோடு நிறுத்திக்கொண்டான்.

யானையின் மூட்டுக்குள்ளே என்ன நடக்கிறது என்று கீறாமல் பார்த்துச் சொல்ல இரண்டு வைத்தியர்கள் வந்தார்கள். தாமோதரப் பண்டிதர் மூட்டுக்குப் பின்னால் பெரிய விளக்கைப் பிடித்து, எதிரே திரையில் விழுந்த நிழலைப் படமாக வரைந்தார். மூட்டு உளுத்துப்போயிற்று, காட்டில் கொண்டுபோய் விடுங்கள் என்றார். மாசிலாமணி வைத்தியர் மூட்டு முழுக்க ஈரக் களிமண்ணைப் பூசிவிட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே சூடு இருக்கும் இடத்தில் மண் முதலில் காயுமாம். காய்ந்த இடத்தைப் படமாக வரைந்து காட்டி, தேய்மானம் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது, தேற்றிவிடலாம் என்றார்.

அமைச்சர் கண்டியத்தேவர் விளக்குக்காரர் பக்கம் நின்றார். மந்தாகினி காட்டுக்குப் போனால் அவர் வீட்டு யானைக்குப் பட்டம் கிடைக்கும் அல்லவா?

மன்னன் குழம்பிப்போய், அவையின் விகடகவி இளநாகனைக் கூப்பிட்டான். யானையைக் கீறக் கூடாது, ஆனால் யார் பார்வை சரி என்று நிரூபிக்க வேண்டும். முடியாவிட்டால் யானையோடு அவனும் காட்டுக்குப் போக வேண்டியதுதான் என்றான்.

இளநாகனுக்குக் காடு பிடிக்காது. அங்கே சமையற்கட்டு இல்லை. நெடுநேரம் யோசித்துவிட்டு, மன்னனைத் தனியே பார்த்தான்.

"அரசே, என்ன கோளாறு என்று நமக்கு முன்பே தெரிந்த ஒரு மூட்டு வேண்டும். அதை இருவரிடமும் காட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும். தங்கள் வலது முழங்காலை இரவல் தருவீர்களா?"

மன்னன் முகம் சிவந்தது. "என் காலுக்கு என்ன கேடு?"

"ஒன்றுமில்லை. மேல்மாடத்தில் இருக்கும் அரசியார்தான், தங்களுக்கு அவர் மேல் ஆசை விட்டுப்போயிற்று என்று அழுகிறாராம். ஆசை அப்படியேதான் இருக்கிறது, படிக்கட்டுதான் இடைஞ்சல் என்று எனக்குத் தோன்றியது."

மன்னன் முழங்காலைத் தடவிக்கொண்டான். மந்தாகினிக்காகச் சம்மதித்தான்.

மறுநாள் லாயத்தில் ஒரு திரை. அதன் ஓட்டை வழியே ஒரு கால் நீட்டிக்கொண்டிருந்தது. பாதத்தை வைக்கோல் மூடியிருந்தது. மலைநாட்டார் காணிக்கையாக அனுப்பிய கரடி, முகத்தைப் பார்த்தால் கடிக்கும், காலை மட்டும் பாருங்கள் என்றான் இளநாகன். காலில் இருந்த ரோமத்தைப் பார்த்தவர் யாரும் சந்தேகப்படவில்லை.

பண்டிதர் விளக்கைப் பிடித்தார், நிழலை வரைந்தார். வாலிபக் கரடி, மூட்டு சங்கு மாதிரி இருக்கிறது, எந்த மலையும் ஏறும் என்றார். கண்டியத்தேவர் பலமாகத் தலையாட்டினார்.

வைத்தியர் களிமண் பூசிக் காத்திருந்தார். முழங்காலின் உட்பக்கம் முதலில் வெளுத்தது. அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"வயதான கரடி. தின்று தின்று உடம்பு பெருத்துவிட்டது. உட்பக்க மூட்டு தேய்கிறது. இது படி ஏறினால் உயிர் போகிற மாதிரி வலிக்கும்."

பண்டிதர் சிரித்தார். "கரடி எந்த ஊரில் ஐயா படி ஏறுகிறது?"

திரைக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

"இந்த ஊரில்தான். வலிக்கத்தான் செய்கிறது."

பண்டிதர் விளக்கைக் கீழே போட்டார். அமைச்சர் வாசலைத் தேடினார். மன்னன் திரையை விலக்கிக்கொண்டு, சேற்றுக் காலோடு நொண்டி நொண்டி வெளியே வந்தான். வைத்தியர் தன் தலையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மன்னன் அவரைத் தண்டிக்கவில்லை. மந்தாகினியை அவரிடமே ஒப்படைத்தான். பண்டிதரை ஊருக்கு அனுப்பினான். யானைக்கு என்ன வைத்தியம் என்று கேட்டதற்கு, வெந்நீர் ஒத்தடம், மூலிகை எண்ணெய், முதுகுச் சுமையைக் குறைக்க வேண்டும் என்று வைத்தியர் மெல்லச் சொன்னார். கரடிக்கு? அதற்கும் அதே வைத்தியம்தான் என்றார்.

மன்னன் இளநாகன் பக்கம் திரும்பினான்.

"யானைக்குச் சுமை நான். சரி, இறங்கிக்கொள்கிறேன். எனக்கு என்னடா சுமை?"

இளநாகன் மன்னனின் தொந்தியைப் பார்த்தான். பிறகு பணிவாகத் தலை குனிந்தான்.

"அங்கேயும் தாங்கள்தான், அரசே."

லாயத்துக் குதிரைகள் மிரளும்படி மன்னன் சிரித்தான். அன்று முதல் தன் மாலைப் பலகாரம் முழுவதும் இளநாகனுக்கே என்று உத்தரவு போட்டான்.