எந்தத் துளி வளைந்தது

"மேடம், சாயம் பொய் சொல்லுமா?"

"சொல்லாது," என்றார் மெஹருன்னிசா.

"அப்படின்னா என் மச்சினன்தான் பொய் சொல்லியிருக்கான்."

கேட்டவர் தீர்த்தகிரி. அந்தப் பொறியியல் கல்லூரியின் நீரியல் ஆய்வகத்தில் இருபத்தாறு வருடமாக உதவியாளர். மெஹருன்னிசா அங்கே பேராசிரியராக வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. வயதிலும் தீர்த்தகிரியைவிட ரொம்பச் சின்னவர். ஆனாலும் தண்ணீரைப் பற்றி ஒரு சந்தேகம் என்றால் தீர்த்தகிரி போய் நிற்பது அவரிடம்தான்.

இரண்டு வருடத்துக்கு முன், ஆடி வெள்ளத்தில், ஊர்த் தடுப்பணையின் மதகருகே தீர்த்தகிரியின் தம்பி மாது கால் வழுக்கி விழுந்தான். அப்போது கூட இருந்தது சென்றாயன் ஒருவன்தான். தீர்த்தகிரியின் மனைவிக்குத் தம்பி.

"இடது கரைப் பக்கம் போனான்" என்றான் சென்றாயன். ஊரே இடது கரையில் தேடியது.

மூன்றாம் நாள் மாது கிடைத்தான். வலது கரையில், கோரைப் புதருக்குள். மூடிய கைக்குள் கோரைத்தாள் இருந்தது.

எவ்வளவு நேரம் அதைப் பிடித்துக்கொண்டு உயிரோடு இருந்தானோ. அந்த நினைப்பு தீர்த்தகிரியை விடவே இல்லை. அன்றோடு சென்றாயனிடம் பேச்சை நிறுத்தினார். மனைவியையும் பிறந்த வீட்டுக்கு அனுப்பவில்லை.

இப்போது ஆய்வகத்தின் கண்ணாடித் தொட்டிக்குள் அந்த அணையைச் சின்னதாகச் செய்து வைத்திருந்தார். களிமண்ணில் கரை. தகரத்தில் மதகு. மாது விழுந்த இடத்தில் ஓர் ஊசிக்குழாய். அதிலிருந்து ஊதாச் சாயம் நூல் பிரிந்தாற்போல் தண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்தது.

கையில் அந்தத் தொட்டியை மேலிருந்து எடுத்த ஒரு புகைப்படம். அதில் ஊதாக் கோடு மதகைத் தாண்டி, வளைந்து நெளிந்து, வலது கரையைப் போய்த் தொட்டது.

"ஞாயித்துக்கிழமை மாதுவுக்குத் திவசம். சொந்தக்காரங்க எல்லாரும் வருவாங்க. நடுவுல வச்சுக் கேக்கப்போறேன். இதுதான் என் தம்பி போன வழி, நீ ஏன் மாத்திச் சொன்னேன்னு."

மெஹருன்னிசா படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நல்லா எடுத்திருக்கீங்க அண்ணே. ஆனா இந்த வழியா யாரும் போகல."

"யாரும்னா?"

"ஒரு சொட்டுத் தண்ணிகூடப் போகல."

தீர்த்தகிரி படத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சாயம் பொய் சொல்லாதுன்னு இப்பத்தானே சொன்னீங்க?"

மெஹருன்னிசா தொட்டியருகே போனார். மதகுக்கு அப்பால், தண்ணீருக்கு மேலே ஒரு கண்ணாடிப் பலகையை வைத்தார். படத்தில் இருந்த கோட்டை மார்க்கரால் அதன்மேல் வரைந்தார். பிறகு ஒரு தெர்மாக்கோல் அட்டையிலிருந்து கடுகளவு உருண்டையைக் கிள்ளி, ஊசி முனையருகே விட்டார்.

"இதை மட்டும் பாருங்க."

உருண்டை மதகைத் தாண்டியது. மார்க்கர் கோடு வலதுபக்கம் வளைய, உருண்டை இடதுபக்கம் போய் ஒதுங்கியது.

இரண்டாவதை விட்டார். அது நடுவே போனது.

மூன்றாவது வலது கரைக்கே போனது. ஆனால் வளையவில்லை, நெளியவில்லை. நேராகப் போனது.

பத்து உருண்டை விட்டார். ஒன்றுகூடக் கோட்டின்மேல் போகவில்லை.

தீர்த்தகிரி இன்னொன்றையும் கவனித்திருந்தார். அதுதான் அவரை அதிகம் குழப்பியது.

"மேடம், எந்த உருண்டையும் சாயத்தை விட்டு விலகவே இல்லை. ஊதாவுக்குள்ளேயேதான் மிதந்துச்சு. ஆனா கோட்டு மேலயும் போகல. அதெப்படி?"

மெஹருன்னிசா வெளியே போனார். தீர்த்தகிரி பின்னாலேயே போனார்.

முற்றத்தில் செடிகளுக்குத் தண்ணீர் பாய்ச்சும் குழாய் ஓடியபடி கிடந்தது. மெஹருன்னிசா அதை எடுத்து, முனையை விரலால் அழுத்தி, இடமும் வலமுமாக ஆட்டினார்.

"என்ன தெரியுது?"

"தண்ணி பாம்பு மாதிரி வளைஞ்சு போகுது."

"ஒரு துளியைப் பிடிச்சுப் பாருங்க. கண்ணால."

தீர்த்தகிரி குந்தி உட்கார்ந்தார். ஒரு துளியைப் பிடித்தார், தவறவிட்டார். இன்னொன்றையும் தவறவிட்டார். சட்டை நனைந்தது. நெடுநேரம் கழித்து ஒன்று வசப்பட்டது. குழாயை விட்டுக் கிளம்பியது, கிளம்பிய திக்கிலேயே போய் விழுந்தது. அதற்கடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும்.

"எந்தத் துளி வளைஞ்சது?"

"எதுவும் வளையல."

"அப்ப வளைஞ்சது எது?"

தீர்த்தகிரி குழாயை ஆட்டிய அவர் கையைப் பார்த்தார். 

"வேற வேற நேரத்துல கிளம்பின துளிங்க வரிசையா நிக்கிறதுதான் அண்ணே அந்தக் கோடு," என்றபடி மெஹருன்னிசா குழாயை அவர் கையில் கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

தீர்த்தகிரி திரும்ப உள்ளே வந்தபோது சாயம் இறங்கிக்கொண்டே இருந்தது. கோடு அந்த நேரத்தில் இடது கரையைத் தொட்டது. கொஞ்சம் பொறுத்து நடுவுக்கு வந்தது. பிறகு வலப்பக்கம் சாய்ந்தது.

அவருக்குத் தெரியாததல்ல. அந்தக் கோட்டை அவர் நாற்பது படம் எடுத்திருந்தார். வலது கரையைத் தொட்ட ஒன்றைத்தான் அச்சுக்குக் கொடுத்திருந்தார்.

சாயக் குழாயை மூடினார். நாற்காலியில் உட்கார்ந்தார்.  கைப்பேசியை எடுத்து, அழிக்காமல் வைத்திருந்த எண்ணைத் தேடி அழுத்தினார்.

"மாமா?" என்றான் சென்றாயன். 

"மாது எந்தப் பக்கம் போனான்?"

"இடது பக்கம் மாமா. என் கண்ணுக்கு எட்டுன வரைக்கும்."

"அப்புறம்?"

 லைன் போய்விட்டதோ என்று தீர்த்தகிரி கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். போகவில்லை.

"இந்த ரெண்டு வருஷத்துல, அப்புறம்னு நீங்க கேக்கவே இல்லையே மாமா."