பன்னிரண்டு வரப்புகள்

இதைப் படிக்கும்போது பக்கத்தில் ஒரு தாளும் பென்சிலும் இருந்தால் நல்லது. தீர்ப்பு சொல்ல வேண்டியவர் நீங்கள்.

தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளங்களுக்கு நடுவில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. மழை ஓய்ந்து, அளத்தில் வேலை தொடங்காத தை மாதத்தில் அங்கே வானம் எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. பாத்திகளில் தேங்கிய மழைநீரில் மேகங்கள் மெல்ல நகரும். வரப்பில் யாராவது நடந்தால் ஆகாயத்தில் நடப்பது போலிருக்கும். எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் கனகமணி டீச்சர் ஜன்னல் வழியே அதைப் பார்த்துவிட்டு, சொல்லிக்கொண்டிருந்த பாடத்தையே மறந்து நின்ற நாட்கள் உண்டு.

கணக்குப் புத்தகத்தின் கடைசி இயல்மேல் அவருக்குத் தனி மயக்கம். புள்ளிகளும் கோடுகளும், ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகும் வழிகளும் அதில் வரும். பரீட்சைக்கு அதிலிருந்து அதிகம் வராது என்று பலரும் ஓட்டமாக முடித்துவிடுவார்கள். கனகமணி மட்டும் அதை வாரக்கணக்கில் நடத்துவார். பெருக்கத் தெரியாத பிள்ளைகூட அந்த வகுப்பில் கண்ணை அகல விரித்து உட்கார்ந்திருக்கும்.

அந்த வருடம் மதுரையில் பத்து நாள் கணித முகாம் ஒன்று நடக்கவிருந்தது. பள்ளிக்கு ஒரே ஓர் இடம். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கனகமணி ஜன்னலுக்கு வெளியே காட்டினார். பள்ளிக்குப் பின்னால் நான்கு சதுரப் பாத்திகள், மேலே இரண்டு, கீழே இரண்டாகக் கிடந்தன. சுற்றிலும் எட்டு வரப்புத் துண்டுகள், உள்ளே சிலுவைபோல் நான்கு. பலகையில் எழுதினார்:

"பன்னிரண்டு வரப்புகளிலும் நடக்க வேண்டும். எந்த வரப்பிலும் இரண்டாம் முறை நடக்கக் கூடாது. முதலில் செய்து காட்டுபவருக்கு மதுரை."

வழி உண்டா என்று அவர் பார்த்திருக்கவில்லை. அடுத்தடுத்த இரண்டு பாத்திகளுக்கு ஒரு வழி இருப்பது அவருக்குத் தெரியும். நான்குக்கும் இருக்கும் என்று எண்ணிக்கொண்டார். தண்ணீரில் மேகம் போன அழகில் அந்த எண்ணம் சந்தேகமாக மாறவே இல்லை.

திங்கட்கிழமை காலை முதலில் வந்தவள் ஆக்னஸ். முழங்கால்வரை நனைந்திருந்தாள்.

"நடந்துட்டேன் டீச்சர், வாங்க காட்டுதேன்."

வகுப்பே பின்னால் போயிற்று. மேல்பக்க வரப்பின் நடுவில் தொடங்கிச் சுற்று வரப்பு எட்டையும் நடந்து, தொடங்கிய இடத்துக்கே வந்தாள். அங்கிருந்து நட்டநடுவே கீழ்வரை இரண்டு. பிறகு சட்டென்று பாத்தித் தண்ணீரில் இறங்கி, மேகங்களைக் கலைத்துக்கொண்டு குறுக்கே போய், இடப்பக்க நடு வரப்பில் ஏறி, மிச்சமிருந்த இரண்டையும் நடந்து முடித்தாள்.

"தண்ணியில இறங்கலாமாடி?" என்றார் கனகமணி.

"கூடாதுன்னு நீங்க எழுதலையே டீச்சர்."

இரண்டாவதாகப் பேச்சிமுத்து ஒரு நோட்டை நீட்டினான். சனி, ஞாயிறு முழுக்க உட்கார்ந்து நூற்று நாற்பத்து மூன்று படங்கள் போட்டிருந்தான். வரப்பை விட்டு இறங்காமல் நடந்தால் ஒவ்வொன்றிலும் ஏதாவது மிஞ்சியது. மிஞ்சியதையெல்லாம் சிவப்பு மையில் தீட்டியிருந்தான். "இறங்காம நடக்க வழியே இல்ல டீச்சர். நாந்தான் முதல்ல கண்டுபிடிச்சேன்." அவன் கண்களும் சிவந்திருந்தன.

மூன்றாவதாக எழுந்தாள் முகிலரசி. "அவன் நோட்டைப் பார்த்துத்தான் எனக்குத் தோணுச்சு டீச்சர். எல்லாப் படத்துலயும் சிவப்பு, ஏதாவது ஒரு பக்கத்தோட நடுவுல போய்த் தொடுது. அந்த இடத்துல மூணு வரப்பு சேருது. ஒண்ணுல வந்து ஒண்ணுல போனா, மூணாவது மிஞ்சும். அதனால அங்க நடையைத் தொடங்கணும், இல்ல முடிக்கணும். அப்படி நாலு இடம் இருக்கு. ஒரு நடைக்குத் தொடக்கம் ஒண்ணு, முடிவு ஒண்ணுதானே?"

கனகமணிக்கு முகம் சுட்டது. தாம் பார்க்காமல் விட்டதை இந்தப் பெண் ஐந்தாறு வாக்கியத்தில் சொல்லிவிட்டாள். பெருமையும் வெட்கமும் ஒன்றாக வந்தன. மூன்று பேரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மூவருமே ரயில் ஏறாதவர்கள். மாலைக்குள் ஒரு பெயரை எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுத்தாக வேண்டும்.

சொன்னபடி நடந்து காட்டியவள் ஒருத்தி. இரண்டு நாள் தூங்காமல் தேடிக் களைத்தவன் ஒருவன். அவன் தேடலிலிருந்து காரணத்தைக் கண்டெடுத்தவள் இன்னொருத்தி. நீங்கள் கனகமணியாக இருந்தால், அந்தத் தாளில் யார் பெயரை எழுதுவீர்கள்?

விடை: ஆக்னஸின் பெயரை. பேச்சிமுத்து ஆயிரம் படம் போட்டிருந்தாலும், அடுத்த படத்தில் வழி கிடைக்காது என்று அவனால் சொல்ல முடியாது. அதைச் சொல்ல முடிந்தவள் முகிலரசி. மூவர் செய்ததிலும் நுட்பமானது அவள் செய்ததுதான். ஆனால் அவள் மெய்ப்பித்தது, வரப்பை விட்டு இறங்காமல் முடிக்க முடியாது என்பதை. இறங்காதே என்று பலகையில் இல்லை. எழுதியதை எழுதியபடி படிப்பது கணக்கு. மனத்தில் இருந்த விதியைப் பரிசு கொடுக்கும் நேரத்தில் சேர்ப்பது கணக்கல்ல. முகிலரசியின் காரணப்படி ஒருமுறையாவது இறங்கியே தீர வேண்டும்; ஆக்னஸ் இறங்கியதும் ஒரே முறைதான். கனகமணி அவள் பெயரை எழுதினார். பிறகு வகுப்பின் முன் நின்று, வழி உண்டா என்று பார்க்காமலே அந்தக் கணக்குக்குப் பரிசு வைத்தது தம் தவறு என்று சொன்னார். முகிலரசி அன்று சாப்பிடாமல் அழுதாள். ஆனால் மறுநாள், டீச்சர் பலகையில் புதுக் கணக்கை எழுதி முடிக்குமுன்பே கையைத் தூக்கினாள்.

"இதுக்கு விடை இருக்கா டீச்சர்?"

"தெரியாதும்மா" என்றார் கனகமணி, சாக்குக்கட்டியை அவளிடம் நீட்டியபடி. "வா, பார்ப்போம்."