மூன்று பத்துக்கு எழும் கணினி

“டீச்சர், எல்லாத்தையும் நிறுத்திட்டேன். அப்பவும் எழுந்துக்குது.”

சொன்னவர் லூர்துசாமி. வயது நாற்பத்தேழு. அவர் டீச்சர் என்று கூப்பிட்ட பொற்கொடிக்கு இருபத்தாறு.

வாடகைப் பாத்திரக் கடைக்கு மேலே ஒற்றை அறை. அங்கே அவள் கணினி பழுது பார்த்தாள். தான் வேலை பார்த்த தொழிற்சாலை மூடிய பிறகு அவர் அவளிடம் தொழில் கற்க வந்திருந்தார்.

கீழே பாத்திரக் கடைக்காரர் அவரைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார்: “என்னய்யா, இன்னைக்காவது டீச்சர் உக்காரச் சொன்னாங்களா? இல்ல, பெஞ்சு மேலதானா?”

பொற்கொடி வேலையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

“எதுண்ணே எழுந்துக்குது?”

“போன வாரம் வந்துச்சே, மரகதம்மா சிஸ்டம். அவங்களே திருப்பிக் கொண்டாந்துட்டாங்க.”

மரகதம் வாசல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். காலடியில் கணினிப் பெட்டி. அதன் ஒயர்களைச் சுருட்டி ஒரு துண்டில் முடிந்திருந்தாள்.

“சொல்லுங்கக்கா.”

“தினம் மத்தியானம் மூணு பத்துக்கு அதுவா எழுந்துக்குதும்மா. யாரும் தொடறதில்ல. உள்ள காத்தாடி சுத்தும். டிவி மாதிரி வெளிச்சம் வரும். அப்புறம் ஒரு மணி அடிக்கும். ஆட்டுக் கழுத்து மணி மாதிரி. நாலு மணிக்கு அதுவா அணைஞ்சிடும்.”

“எப்பருந்து?”

“அவரு போனதுலருந்து.” கொஞ்சம் நிறுத்தினாள். “முன்னாடியும் அடிச்சிருக்கும். அப்ப அவரு உள்ள இருந்தாரு. நான் கவனிக்கல.”

அவள் கணவர் திருமேனி, பஸ் டெப்போவில் மெக்கானிக். முதல் ஷிப்டு முடிந்து மூன்று மணிக்கு வருவார். சாப்பிட்டுவிட்டு கணினி இருந்த அறைக்குள் போவார்.

“கேட்டா ஆபீஸ் வேலைம்பாரு. டெப்போ மெக்கானிக்குக்கு என்னம்மா ஆபீஸ் வேலை?”

பொற்கொடி ஒரு திருகாணியைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டாள்.

“கருமாதி அன்னைக்கு எல்லாரும் பந்தில உக்காந்திருக்காங்க. மணி அடிச்சுது. ஒருத்தரும் அடுத்த வாய் எடுக்கல.”

“பிளக்கைப் புடுங்கிப் பாத்தீங்களா?”

“ஒரு நாள் புடுங்கினேன். அன்னைக்கு மூணு பத்துக்குச் சத்தமே இல்ல. நான் அந்தக் கதவுகிட்டப் போய் நின்னுக்கிட்டிருந்தேன். எப்படிப் போனேன்னு தெரியல. திருப்பி மாட்டிட்டேன்.”

பெட்டியைப் பார்க்காமல் அவள் மீதியைச் சொன்னாள். மகள் அந்த வீட்டுக்குள் கால் வைக்க மாட்டேன் என்கிறாள். இருவரும் தங்கை வீட்டில் இருக்கிறார்கள். மகளின் கல்லூரி வேலைக்கு இந்தக் கணினி வேண்டும். போன வாரம் லூர்துசாமி சரிசெய்து கொடுத்ததும் அதைத் தங்கை வீட்டில் கொண்டுபோய் வைத்தாள்.

“அங்கயும் எழுந்துக்கிச்சு. இப்ப மணி இல்ல. சும்மா எழுந்து, சும்மா நிக்குது. இதுக்கு மணியே பரவால்ல. தங்கச்சி புருஷன் சொல்லிட்டாரு, வெள்ளிக்கிழமைக்குள்ள அதையும் தூக்கிக்கிட்டு உங்க வீட்டுக்குப் போயிடுங்கன்னு. எப்படிம்மா போறது? உள்ள அவரு இருக்காரோ என்னவோ.”

அன்று செவ்வாய்க்கிழமை.

அவள் போனதும் லூர்துசாமி பெட்டியை மேசைமேல் வைத்தார்.

“நான் என்ன டீச்சர் தப்புப் பண்ணினேன்? சிஸ்டம் தொறக்கும்போது கூடவே பதினோரு புரோகிராம் ஓடுச்சு. பதினொண்ணுக்கும் டிக்கை எடுத்துட்டேன். இப்ப சுத்தமா இருக்கு.”

“பின்ன எது எழுப்புது?”

“அது அதுக்கும் அடியில. சிஸ்டம் முதல்ல முழிக்கிற எடம், பயாஸ், அதுல அவங்க புருஷன் நேரம் வச்சிருக்காரு. அதுக்கு பாஸ்வேர்டும் போட்டிருக்காரு. பேட்டரியக் கழட்டி மாட்டினேன், போகல. அக்கா பேரு, பொண்ணு பேரு, டெப்போ பேரு, மூணும் அடிச்சுப் பாத்தேன்.”

மூன்றையும் மறுபடி அடித்துக் காட்டினார். மூன்றாவது தவறுக்குப் பிறகு திரை கறுத்து, நடுவில் ஒரு நீண்ட எண் மட்டும் நின்றது. பொற்கொடி அதை ஒரு துண்டுத் தாளில் குறித்தாள். தன் கணினியில் எதையோ தட்டினாள். எண்ணுக்குக் கீழே வேறொரு எண்ணை எழுதித் தாளை மடித்தாள்.

“இத அடிச்சாத் தொறக்குமா?”

“தொறக்கும்.”

“தாங்க டீச்சர். ரெண்டு நிமிஷ வேலை.”

அவள் தாளைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

“இன்னைக்கு மூணு பத்துக்கு அது என்ன பண்ணுதுன்னு பாத்துட்டு வந்து கேளுங்கண்ணே.”

மூன்று பத்துக்கு அது எழுந்தது.

லூர்துசாமி எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். காத்தாடி சுற்றியது. திரையில் வெளிச்சம் வந்தது. வெறும் நீலம். நாலு மணிக்கு அணைந்தது.

“என்ன பண்ணுச்சு?”

“ஒண்ணும் பண்ணல டீச்சர்.”

“நாளைக்கும் பாருங்க.”

புதன்கிழமையும் பார்த்தார். அதே நீலம். கீழே அண்டாக்களை உருட்டும் சத்தம் நின்றபோது, காத்தாடிச் சத்தம் மட்டும் அறையில் இருந்தது. மூச்சு மாதிரி இருந்தது. அவர் தன் மூச்சை ஒரு தடவை நிறுத்திப் பார்த்தார்.

“என்ன பண்ணுச்சுண்ணே?”



“காத்துக்கிட்டிருந்துச்சு.”

பொற்கொடி முதல் தடவையாகக் கையிலிருந்த வேலையைக் கீழே வைத்தாள்.

“யாருக்கு?”

லூர்துசாமி அணைந்த திரையைத் திரும்பிப் பார்த்தார்.

“நீங்க டிக் எடுத்தீங்களே பதினோரு பேரு. பேரச் சொல்லுங்க.”

“பிரிண்டரோடது ஒண்ணு. விளம்பரம் காட்டுறது நாலு. காலாவதியான வைரஸ் காவல் ஒண்ணு. பாட்டு, படம், அந்த மாதிரி நாலு.”

“பத்தாச்சு.”

“பதினொண்ணாவதுக்குப் பேரு இல்ல டீச்சர். வெறும் கட்டம்.”

“பேரு இல்லாததத்தான் தைரியமா எடுத்துட்டீங்களா?”

“பேரு இல்லன்னா கெட்டதாத்தானே இருக்கும்?”

“எங்க அம்மா என்னைப் பெத்த அன்னைக்கு எனக்கும் பேரு இல்லண்ணே. வெளிய தூக்கிப் போடல.”

லூர்துசாமி சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

“பத்தும் அப்படியே கிடக்கட்டும். அந்த ஒண்ணுக்கு மட்டும் டிக்கைத் திருப்பிப் போடுங்க. அக்காவ நாளைக்கு மூணு மணிக்கு வரச் சொல்லுங்க.”

வியாழக்கிழமை மரகதம் வந்தாள். திரைக்கு முன்னால் உட்கார மறுத்தாள். வாசலருகே சுவரில் சாய்ந்து நின்றாள்.

மூன்று எட்டு.

“பயமா இருக்குதா அக்கா?”

“உனக்கு இல்லையா?”

“இருக்கு” என்றாள் பொற்கொடி.

மூன்று பத்து.

காத்தாடி சுற்றியது. வெளிச்சம் வந்தது. நீலத்தின்மேல் ஒரு கட்டம் திறந்தது.

மணி அடித்தது.

லூர்துசாமி தன் கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டார்.

திரையில் கோடுகள். உச்சியில் சந்திக்கும் சாய்கோடுகள், குறுக்கே சில கோடுகள். சந்திப்புகளில் மூன்று கறுப்புப் புள்ளிகள், நிறைய வெள்ளைப் புள்ளிகள்.

மரகதம் சுவரைவிட்டு ஒரு அடி முன்னால் வந்தாள்.

“இது ஆடுபுலி ஆட்டமில்ல?”

லூர்துசாமி தலையாட்டினார்.

“இதுவா? இதுக்கா ஆபீஸ் வேலை, ஆபீஸ் வேலைன்னு கதவச் சாத்தினாரு? அட மனுசா!”

தன்னையறியாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

ஆட்டத்துக்குக் கீழே வரிகள் இருந்தன. ஒவ்வொன்றின் முன்னாலும் ‘புலி’ என்று மட்டும் போட்டிருந்தது. நாளுக்கு ஒரு வரி.

புலி: உங்க முறை.

புலி: உங்க முறை.

புலி: உங்க முறை.

லூர்துசாமி எண்ணினார். நாற்பத்தாறு. நடுவில் சில மட்டும் வேறு மாதிரி இருந்தன.

புலி: உடம்புக்கு முடியலையா?

புலி: நான் எதுவும் தப்பா ஆடிட்டேனா?

புலி: அவசரமில்ல. இங்கதான் இருக்கேன்.

“யாரு டீச்சர் இது?” அவர் கிசுகிசுத்தார்.

“தெரியலண்ணே.”

“எந்த ஊரு?”

“அதுவும் போடல.”

மரகதம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூலையில் ஒரு புலி. அதைச் சுற்றி ஆடுகளை ஒன்றன்பின் ஒன்றாக நெருக்கி வைத்திருந்தார் திருமேனி. இன்னும் இரண்டு ஆடு வைத்தால் அந்தப் புலி நகர முடியாது. எல்லோருக்கும் தெரிந்தது.

“நான் வைக்கட்டுமா?”

கேட்டது யாரை என்று தெரியவில்லை. பொற்கொடி மௌஸை அவள் பக்கம் தள்ளினாள்.

மரகதம் மௌஸைப் பிடித்தாள். மூலைப் புலியை அவள் அடைக்கவில்லை. ஒரு வெள்ளைப் புள்ளியை இன்னொரு புலிக்கு நேர் முன்னால், பின்னால் காப்பே இல்லாத இடத்தில், கொண்டுபோய் வைத்தாள்.

“ஐயோ, அதை வெட்டிடுமே” என்றார் லூர்துசாமி.

புலி வெட்டவில்லை.

காத்தாடி சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம்.

மணி அடித்தது.

புலி: நீங்க அவர் இல்லையே.

மரகதம் கையை மௌஸிலிருந்து இழுத்துக்கொண்டாள்.

மறுபடி மணி.

புலி: அவர் அங்க இருக்காரா?

லூர்துசாமி திரும்பி, ஆளில்லாத வாசலைப் பார்த்தார். பொற்கொடியும் பார்த்தாள்.

மரகதம் பார்க்கவில்லை. விசைப்பலகையை அருகே இழுத்தாள். ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடி அடித்தாள்.

இல்லை.

அனுப்பினாள். அனுப்பிய பிறகு அதை வாய்விட்டு ஒரு தடவை படித்தாள்.

“இல்லை.”

நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு, ஆட்டுக்கு முன்னால் நின்ற புலி ஒரு இடம் பின்னால் போனது.

மணி அடிக்கவில்லை.

 நாலு மணிக்கு அது தானாக அணைந்தது.

பொற்கொடி சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“பூட்டுக்கு எண் இதுதான்க்கா. இப்பவே நேரத்தை எடுத்துடலாம்.”

மரகதம் ஏற்கெனவே எழுந்துவிட்டாள். ஒயர்களைப் பிடுங்கி, சுருட்டி, துண்டில் முடிந்துகொண்டிருந்தாள்.

“கீழ ஒரு ஆட்டோ சொல்லுங்கண்ணே. காலேஜ் வாசல்ல பொண்ணை ஏத்திக்கிட்டு எங்க வீட்டுக்குப் போகணும்.”

“அம்மா, நேரத்தை எடுக்காமப் போனா நாளைக்கும் மூணு பத்துக்கு எழுந்துக்குமே?” என்றார் லூர்துசாமி.

“எழுந்துக்கட்டும்ண்ணே” என்றாள் மரகதம். “நான் வீட்லதான் இருப்பேன்.”