ராசாவின் தலை முட்டிய இடம்

அரண்மனை வாழைத்தோப்பின் குறுக்கே நேராக வாய்க்கால் வெட்டவேண்டும் என்றார் ராசா. தலைமை அளவையாளர் செண்டலங்காரர் வடகிழக்கு மதில் மூலையிலிருந்து வடக்கு மதிலில் நாற்பதடியிலும், கிழக்கு மதிலில் இருபதடியிலும் குறி போட்டார்.

மண்வெட்டும் பொன்னுருவி வடக்குக் குறியில் நின்றாள். “இங்கிருந்து கிழக்கே ரெண்டடி, தெற்கே ஓரடி. அப்படியே போய்க்கிட்டிருப்பேன், சாமி.”

“கிழக்குக் குறியைப் பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லையே! ராசா, இவள் வெட்டப்போவது வேறு கோடு” என்றார் செண்டலங்காரர்.

“தவறினால் நாடு கடத்துவேன்” என்றார் ராசா.

“சரிங்க ராசா. ஐயா அந்தக் கிழக்குக் குறியில போய் நிக்கட்டும். நீங்க தலையைக் குனிஞ்சு, நான் சொன்னபடி நடந்து பாருங்க.”

ராசா குனிந்து நடந்தார். கிழக்கே இரண்டு, தெற்கே ஒன்று. வாழைகளுக்கு நடுவே மதில்கூடக் கண்ணில் படவில்லை. கடைசியில் அவர் தலை எதிலோ மெத்தென்று முட்டியது.

அது செண்டலங்காரரின் தொந்தி.

ராசா நிமிர்ந்தார்.

“குறியைப் பார்க்காமல் எப்படி அம்மா வந்தோம்?”

“அவர் சொன்ன நாற்பதும் இருபதும்தான், ராசா. நாற்பதுக்கு இருபதுன்னா, ரெண்டுக்கு ஒண்ணு. அவர் மதிலைப் பார்த்துச் சொன்னார், நான் நடையாச் சொன்னேன். கோடு ஒண்ணுதான்.”

ராசா தாமே மண்வெட்டியை எடுத்து முதல் வெட்டு வெட்டினார்.