கொய்யாக் கிளைத் தவசி

"அம்மா, எனக்குள்ள ஒருத்தன் இருக்கான். நீங்க எது சொன்னாலும் 'ஏன், எதுக்கு'ன்னு குறுக்க நிக்கிறான். அவனை ஒழிச்சுட்டு எனக்குத் தீட்சை குடுங்க."

கேட்டவன் மலைக்கொழுந்து. காலமெல்லாம் அணைக்கட்டில் காவல்காரனாக இருந்துவிட்டு, மீசை நரைத்த பிறகு மலையடி மடத்துக்கு வந்தவன். குரு உலகம்மை அவனைவிட வயதில் இளையவள். தீட்சைக்காக அவளிடம் நடையாய் நடந்தான். அவள் பிடி கொடுக்கவே இல்லை.

இன்று அவள் கேட்டாள். "அவனை ஒழிச்சுட்டா நீங்க எப்படி இருப்பீங்க?"

"நம்ம தவசி மாதிரி."

முற்றத்துக் கொய்யாவைக் காட்டினான்.

கிளையில் ஒரு புழு. மடத்தில் எல்லாரும் அதைத் தவசி என்றுதான் சொன்னார்கள். தின்னாமல், நகராமல், வெள்ளைக் கூடுகளின் மேல் வளைந்து நின்றது. யாரோ அதனருகே ஒரு செம்பருத்திகூட வைத்திருந்தார்கள்.

ஓர் எறும்பு கூடுகளை நெருங்கியது. புழு தலையைச் சுழற்றி அடித்தது. எறும்பு கீழே விழுந்தது.

"பாத்தீங்களா? பெத்த பிள்ளைங்களுக்காக அன்னந்தண்ணி இல்லாம நிக்குது."

"அது பெத்த பிள்ளைங்க இல்லை," என்றாள் உலகம்மை. "குளவியோட பிள்ளைங்க."

அவன் கூடுகளை உற்றுப் பார்த்தான்.

"கொசு அளவு குளவி ஒண்ணு வந்து இது உடம்புக்குள்ள முட்டை வெச்சுது. குஞ்சுங்க உள்ளயே தின்னு வளந்து, தோலைக் கிழிச்சு வெளிய வந்து கூடு கட்டிக்கிச்சு. மிச்சம் இருக்கிற உடம்பு காவல் நிக்குது."

காவல்காரனுக்கு முதலில் தோன்றியது காவல்காரனின் கேள்விதான்.

"உள்ள காவலே கிடையாதா?"

"ஏன் இல்லாம? அதோட ரத்தத்துலயும் காவல் உண்டு. வேத்துப் பொருள் எது வந்தாலும் சூழ்ந்துக்கும். மூச்சு முட்ட மூடிக் கொன்னுடும்."

"அப்ப முட்டையை ஏன் விட்டாங்க?"

"முட்டையோட குளவி ஒரு துளி விஷமும் சேத்து வெச்சுது. கண்ணுக்குத் தெரியாத துளி."

"காவல் செத்துப்போச்சா?"

"சிலர் செத்தாங்க. மத்தவங்க உள்ளதான் சுத்தி வந்தாங்க. முட்டையை உரசிக்கிட்டுப் போனாங்க. யாருக்கும் கை எழும்பலை."

சுவர் ஏறிக் குதிக்கிற திருடனை மலைக்கொழுந்துக்குத் தெரியும். காவல்காரனுக்குச் சாராயம் வாங்கிக் கொடுக்கிற திருடனையும் தெரியும். காவலை நிற்கவிட்டே காவலை மறக்கடிக்கிறவனை அவன் கேள்விப்பட்டதே இல்லை. கொசு அளவு குளவிக்கு இந்த வித்தையை யார் சொல்லிக் கொடுத்தார்கள்? பயமாக இருந்தது. கூடவே, ஏன் என்று தெரியாமல், கையெடுத்துக் கும்பிடவும் தோன்றியது.

புழு மறுபடி அசையாமல் நின்றது.

உலகம்மை எழுந்தாள். கையை மூடிக்கொண்டு அவன் முன்னால் வந்தாள்.

"தலையைக் குனிங்க. நீங்க கேட்டதைத் தர்றேன்."

எத்தனையோ நாள் ஏங்கிய கை அது. அவன் குனிந்தான். கை உச்சந்தலைக்கு அருகில் வந்தது.

சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"கைக்குள்ள என்ன இருக்கு?"

முற்றத்தில் இருந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். அந்த மடத்தில் குருவின் கையை யாரும் பிடித்ததில்லை.

உலகம்மை விரல்களை விரித்துக் காட்டினாள். ஒன்றும் இல்லை.

அவன் பிடியை விட்டான். அவள் அந்த வெறுங்கையை அவன் தலைமேல் வைத்தாள்.