ராக்கியப்ப மாமாவின் கரண்ட் டிராக்டரும் என் வாயும்

ரிலே பெட்டியை யாராவது வாயால் ரிப்பேர் பண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? நான் பண்ணியிருக்கிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்து முடியுங்கள், காத்திருக்கிறேன். ஒரு வாய்ச் சோறு ஊட்டத் தெருவெல்லாம் துரத்த வைக்கிற மகளைப் பெற்றவள் நான், பொறுமைக்குக் குறைவில்லை.

எங்கள் ஊர் ராக்கியப்ப மாமாவிடம் ஒரு கரண்ட் டிராக்டர் இருக்கிறது. டீசல் கேட்காது. மோட்டார் ரூமிலிருந்து நீள வயரை இழுத்துக்கொண்டே உழும், கயிற்றோடு மேய்கிற எருமை மாதிரி. அவர் அப்பா காலத்து வண்டி. சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு இரும்புப் பெட்டி, அதற்குள்தான் ரிலே. சுவிட்சைப் போட்டால் அது 'டக்' என்று இழுக்கும், மோட்டாருக்குக் கரண்ட் போகும். இழுக்காவிட்டால் வண்டி பழைய இரும்புக்குச் சமம்.

அன்றைக்கு எங்கள் காட்டில் கடலை விதைப்பு. முந்தின நாள் மழையில் ஈரம் பதமாக இருந்தது. இன்னொரு நாள் வெயிலுக்கு அது தாங்காது. த்ரீ பேஸ் கரண்ட் எங்கள் லைனுக்கு மத்தியானம் வரைக்கும்தான் முறை. காடு பாதி உழுதபோது வண்டி நின்றுவிட்டது.

"ரிலே இழுக்கலைங்க மாமா. பொட்டியைத் தொறந்து பாக்கலாமுங்களா?" என்றேன்.

"கையை வெச்சே, கெட்ட கோவம் வரும் அம்மணி! அதுக்குக் கோயமுத்தூர்ல இருந்து ஆள் வரோணும். எங்கப்பனே அதைத் தொறந்ததில்ல."

"ஆளு எப்பங்க வருவாரு?"

"அமாவாசை கழிச்சு வரேன்னாரு."

அமாவாசை கழித்து என் விதைக்கடலையை வறுத்துத்தான் தின்ன வேண்டும்.

மாமாவிடம் ஒரு பலவீனம் உண்டு. யாராவது கதை சொன்னால் அவருக்கு வாய் திறந்துகொள்ளும், கண் சொல்கிறவர் முகத்திலேயே ஒட்டிக்கொள்ளும். மடித்த வெற்றிலை கையிலேயே வாடும். அதனால், சும்மா காற்று வாங்குகிற மாதிரி டிராக்டர் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். முந்தானையைப் பெட்டி மேல் விரித்தேன். என் வீட்டுக்காரரைக் கண்ஜாடையிலேயே மோட்டார் ரூமுக்கு அனுப்பினேன். அவர் போய் கரண்ட் வராதபடி பீஸ் கட்டையைப் பிடுங்கிவிட்டுத் துண்டை ஆட்டினார். முந்தானைக்குள் என் கை, சீட்டுக்கு அடியில் கிடந்த திருப்புளியோடும் உப்புத்தாளோடும் போனது. வாய் தனியாகப் புறப்பட்டது.

"எங்கம்மா ஊர்லயும் இப்படி ஒரு வண்டி இருந்துச்சுங்க மாமா. அதுக்கு ரிலே ரிப்பேர் பண்ணுனதே நாந்தான்."

விதை போட வந்து கூடையோடு நின்ற பக்கத்து வீட்டுத் துளசியக்கா விடுவாளா? "நீயா? மிக்ஸி சுத்தலைன்னு சட்னிக்குத் தேங்காயோட என்ற வீட்டுக்கு ஓடி வந்தவதானே நீ!"

"மிக்ஸி சில்லறை வேலைங்க்கா. ரிலேன்னா சொல்லுங்க." முதல் திருகு சுழன்றது. "உள்ள காயில் எரிஞ்சு போச்சுங்க மாமா. சுத்தறதுக்குக் கம்பி இல்ல. என்ற தலைமுடியைச் சுத்துனேன். அப்பெல்லாம் என்ற சடையைக் கெணத்துல விட்டா தண்ணி எறைக்கலாம்."

மாமாவின் வாய் லேசாகத் திறந்தது. "மயித்துல கரண்டு போகுமா?"

"எண்ணெ வெக்காத மயித்துல போகுமுங்க. ஒரு வெள்ளிக்கிழமை மறந்தாப்புல எண்ணெ தேச்சுட்டேன், அன்னைக்கு வண்டி வழுக்கீட்டே போயிருச்சு."

கடைசித் திருகு துருப்பிடித்துப் போயிருந்தது. 'கிரீச்' என்று கத்தியது. மாமாவின் பார்வை கீழே இறங்கப் பார்த்தது. இனிமேல் சின்னப் பொய் உதவாது.

"எங்க போச்சுன்னு கேளுங்க மாமா!"

பார்வை மேலே வந்தது. "எங்க போச்சு?"

எங்கள் பக்கம் பம்புசெட்டுக்கு ஆட்டோ என்று ஒன்று மாட்டிவிடுவோம். முறைக் கரண்ட் எப்போது வந்தாலும் மோட்டார் தானாக ஓட ஆரம்பித்துவிடும், யாரும் காட்டுக்குப் போய்க் காத்துக் கிடக்க வேண்டாம். அதைத்தான் கதைக்குள் இழுத்து விட்டேன்.

"பம்புசெட்டுக்கு மாட்டற ஆட்டோவை டிராக்டருக்கும் மாட்டிட்டேனுங்க. கரண்டு வந்தாப் போதும், வண்டி தானா உழுகப் போயிரும். எங்க காட்டை உழுதுச்சு. பங்காளி காட்டை உழுதுச்சு. அங்கயும் அடங்காம தார் ரோட்டை உழுதுச்சு. பஸ் டிரைவர் எறங்கி வந்து பாத்துட்டு, உழுத சால் கோடு தப்பாம பஸ்ஸை ஓட்டீட்டுப் போனாரு."

"ஏன்டி, அத்தனை தொலைவுக்கு வயர் எட்டுச்சா?" என்றாள் துளசியக்கா.

நல்ல கேள்வி. பெட்டி மூடியும் அப்போதுதான் கையோடு வந்தது.

"எட்டலைங்க்கா. அதனால கரண்டுக் கம்பமெல்லாம் பொறப்பட்டுக் கூடவே வந்துச்சு. ஒண்ணு பின்னால ஒண்ணு, கல்யாணப் பந்திக்குப் போற மாதிரி. கடைசியா டிரான்ஸ்பார்மர். பாவம், குண்டு ஒடம்பு. ஊர்ப் பொம்பளைகெல்லாம் கிரைண்டரைத் தூக்கீட்டு அதுங்கூடவே நடந்தாங்க. மறுநா இட்லிக்கு மாவு ஆட்டோணுமில்ல?"

பெட்டிக்குள் ஒரு பல்லி காய்ந்து அப்பளமாகி, ரிலேயின் இழுபடுகிற நாக்குத் தகட்டுக்கு அடியில் மாட்டியிருந்தது. எடுத்துப் போட்டேன். கரண்ட் தொடுகிற புள்ளிகள் கரி பிடித்துக் கிடந்தன. உப்புத்தாளால் தேய்த்தேன். சரக், சரக்.

"அதென்ன சத்தம்?" என்றார் மாமா.

"அப்படியேதானுங்க மாமா! அந்த டிரான்ஸ்பார்மர் இப்படித்தான் செருப்பைத் தேச்சுத் தேச்சு நடக்கும்."

"அடடா," என்றார். அவருடைய வெற்றிலையில் சுண்ணாம்பு காய்ந்துபோனது.

"அப்புறம் வண்டி பவானி ஆத்துல எறங்கித் தண்ணியை உழுதுச்சுங்க. சால் சாலாத் தண்ணி நிக்குது. உழுத தண்ணியைச் சும்மா போடலாமுங்களா? மீன் முட்டையை வெதைச்சோம். வெளைச்சல்னா வெளைச்சல்! அறுப்புக்குத்தான் ஆள் கெடைக்கல. கொக்கைக் கூப்பிட்டோம், வேலைக்கு நடுவுலயே தின்னுட்டு ஒக்காந்திருச்சு. அங்கிருந்து வண்டி மலையேறி மேகத்துக்குள்ள போயிருச்சு."

"மேகத்துல என்னத்தடி வெதைச்சே?"

"மேகத்துல வெதை நிக்காதுங்க்கா, அடியில ஒழுகும். உழுது மட்டும் விட்டோம். அந்த வருசம் மழை சால் சாலாப் பேஞ்சுது. காட்டுல ஒரு வரி நனையும், அடுத்த வரி காஞ்சு கெடக்கும்."

மாமா தொடையில் தட்டினார். "ஆமா! எங்க மேக்காட்டுல ஒரு வருசம் அப்படித்தான் பேஞ்சுது. நானே பாத்தேன்!"

துளசியக்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள். நான் கூட ஒரு நிமிடம் அசந்துவிட்டேன்.

அசந்த நேரம் பார்த்து ரிலே ஸ்பிரிங் உடைந்தது. துருத் தூளாக உள்ளங்கையில் உதிர்ந்தது. வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. ஸ்பிரிங்குக்கு எங்கே போவேன்? சுற்றிலும் பார்த்தேன். மாமாவின் சட்டைப் பையில் அமுக்கி எழுதுகிற பேனா ஒன்று மினுங்கியது.

"மாமா, அந்தப் பேனாவையும் உங்க கையையும் நீட்டுங்க. வண்டி போன தடத்தை வரைஞ்சு காட்டறேன்."

நீட்டினார். அவர் உள்ளங்கையில் எங்கம்மா ஊரை வைத்து, ஆற்றை விட்டு, மலையை எழுப்பி, மேகத்தைச் சுருட்டி வரைந்தேன். அவர் கையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டே வண்டிக்கு முன்னால் நடந்து, வெளிச்சம் தேடி நின்றார். இங்கே பேனாவைத் திருகினேன். ஸ்பிரிங் என் மடியில் விழுந்தது.

துளசியக்கா பார்த்துவிட்டாள். முந்தானையைப் பார்த்தாள், பெட்டி மூடியைப் பார்த்தாள், அப்பளப் பல்லியைப் பார்த்தாள். அவள் ஒரு சத்தம் போட்டால் என் கதையும் கடலையும் ஒன்றாக முடிந்தது. அவள் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, காடே கேட்கிற மாதிரி கேட்டாள்: "அப்புறம் அந்த வண்டி என்னடி ஆச்சு? ராக்கியண்ணன் கேக்கறாரில்ல, வெவரமாச் சொல்லு!"

"சொல்றேனுங்க்கா." ஸ்பிரிங்கை மாட்டினேன். நாக்கை அமுக்கி விட்டேன். துள்ளியது. "உலகத்தையே ஒரு சுத்து உழுதுட்டு வந்துச்சு. வந்தா, முன்னால ஒரு டிரான்ஸ்பார்மர் செருப்பைத் தேச்சுட்டுப் போகுது. இது யாரோடதோன்னு வண்டி அதுக்குப் பொறகாலயே போச்சு. அது இதோட வாலேதான்! இப்பவும் தன் வாலைத் தானே தொரத்தீட்டு உழுதுட்டுத்தான் இருக்குதுங்க."

"நிறுத்தலாமில்ல அம்மணி?" உள்ளங்கையை விட்டுக் கண்ணெடுக்காமல் கேட்டார் மாமா. குரலில் நிஜமான கவலை.

"எப்படிங்க நிக்கும்? ரிலே ரிப்பேர் பண்ணுனது நானாச்சே!"

மூடியைப் போட்டேன். கையைத் தூக்கினேன். மோட்டார் ரூமில் பீஸ் கட்டை ஏறியது, துண்டு ஆடியது. சுவிட்சை அமுக்கினேன்.

டக்.

அடியில் மோட்டார் முனகியது. கலப்பை மண்ணைக் கவ்வியது. வண்டி நகர்ந்தது. துளசியக்கா பின்னால் வந்து சாலில் விதை போட ஆரம்பித்தாள்.

சத்தம் கேட்டு மாமா தலையைத் தூக்கினார். உள்ளங்கையைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாய் மட்டும் இன்னும் மூடவில்லை.

"அம்மணி! பொட்டியை நீ எப்பத் தொறந்தே?"

"மாமா, கொஞ்சம் அக்கட்டால தள்ளி நில்லுங்க. நீங்க நிக்கற எடம் இன்னும் உழவாகலை."