கரடியக்காவின் செங்கல் சுவர்

ஒரு காட்டில் அன்று ஒரே பரபரப்பு. மறுநாள் காலை கரடியக்காவின் புது வீட்டில் பால் காய்ச்சப் போகிறார்கள்!

கோடை முழுவதும் கரடியக்கா தன் கையாலேயே மண் குழைத்துச் சுட்ட செங்கற்களால் கட்டிய வீடு அது. சுவர் நன்றாக இறுகி நின்றது. ஆனால் சிவந்த கற்களின் மேல் எங்கு பார்த்தாலும் சிமெண்ட் கலவைத் திட்டுகள்!

“காட்டுக்கே பெரியவர் யானையார் நாளை முதன்முதலாக என் வீட்டுக்கு வருகிறார். இந்தக் கோலத்திலா பார்ப்பார்?” என்று கரடியக்கா கையைப் பிசைந்தாள்.

தொப்பென்று மரத்திலிருந்து குதித்தது குரங்கு. அதன் கையில் ஒரு பாட்டில்.

“கவலையை விடு, அக்கா! ஊரில் தரை கழுவ வைத்திருந்த ஆசிட் இது. அப்படியே சுவரில் ஊற்றிவிடுகிறேன். பளபளவென்று ஆகிவிடும்!”

“ஊற்று, ஊற்று!” என்று முயல்கள் துள்ளின.

பக்கத்துப் புதரிலிருந்து கீரி ஓடி வந்தது. “வேண்டாம், அக்கா! சுவர் காய்ந்து கிடக்கிறது. ஆசிட்டை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். கறை விழுந்தால் போகவே போகாது.”

“வந்துவிட்டார் பயந்தாங்கொள்ளி!” என்றது குரங்கு. “உன் வளைக்குள் போய்ப் படுத்துக்கொள்.”

கரடியக்கா தவித்தாள். மண் எடுத்த குழி காலியாகிவிட்டது. இந்தச் சுவர் கெட்டால் வேறு செங்கலுக்கு வழியில்லை.

வாதம் செய்தால் குரங்கின் வீம்புதான் ஏறும் என்று கீரிக்குத் தெரியும். உடனே குரலை மாற்றிக்கொண்டது.

“அண்ணே, உன் வித்தையை ஓரமாகச் சுவரில் காட்டினால் யாருக்குத் தெரியும்? அதோ, கலவை ஒட்டிய மிச்சக் கல் ஒன்று கிடக்கிறதே! அதை நடுவில் வைத்து ஊற்று. நாங்கள் எல்லோரும் தள்ளி நின்று பார்த்துக் கை தட்டுகிறோம்.”

குரங்குக்குப் பெருமை தாங்கவில்லை. கல்லை நடுவில் வைத்தது. பாட்டிலைச் சாய்த்தது.

புஸ்ஸ்ஸ்!

நுரை பொங்கியது! புகை கிளம்பியது! குரங்கு இருமியது, கண்ணைக் கசக்கியது. ஒரு துளி வாலில் தெறித்தது.

“ஐயோ, என் வால்!”

“தண்ணீர்! தண்ணீரில் விடு!” என்று கீரி கத்தியது. குரங்கு ஓடிப்போய் ஓடையில் விழுந்து வாலை அலசியது.

புகை அடங்கியதும் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். செங்கல் முழுக்க மஞ்சள் மஞ்சளாகக் கறை.

“என் சுவராக இருந்திருந்தால்!” என்று கரடியக்கா நெஞ்சில் கை வைத்தாள்.

பிறகு என்ன, ஒரே கொண்டாட்டம்தான்! கீரி சொன்னபடி முயல்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிச் சுவரை நனைத்தன. கரடியக்கா மரச்சில்லால் திட்டுகளை மெல்லச் சுரண்டினாள். கீரி தேங்காய் நாரால் தேய்த்தது. பொழுது சாய்வதற்குள் சுவர் செக்கச்செவேலென்று ஜொலித்தது!

வாலில் இலை சுற்றிக்கொண்டு குரங்கு மெதுவாக வந்தது. “அக்கா, வாசலில் திருஷ்டிப் பூசணிக்காய் கட்டவில்லையா?”

“அதைவிட நல்லது ஒன்று இருக்கிறது” என்றாள் கரடியக்கா. அந்த மஞ்சள் கல்லைக் கயிற்றில் கட்டி வாசலில் தொங்கவிட்டாள்.

மறுநாள் யானையார் அதைத்தான் முதலில் பார்த்தார். “அடேயப்பா, எவ்வளவு அவலட்சணம்! இனி எந்தக் கண்ணும் இந்த வீட்டில் படாது. யார் செய்தது?”

எல்லோரும் குரங்கைப் பார்த்தார்கள். குரங்கு தன் வாலைப் பார்த்தது.

நீதி: ஒரு கல்லில் செய்து பார்ப்பவர் ஒரு சுவரை இழப்பதில்லை.